டார்கெட் வரவில்லை என்றால்: இராஜினாமாவா, தொழில் திணைக்களமா, நியாய சபையா?

மாதக் கடைசியில் முகாமையாளர் அறைக்குக் கூப்பிடுகிறார். மூன்று மாதமாக டார்கெட் வரவில்லை, நீங்களாகவே இராஜினாமா எழுதித் தந்தால் நல்ல சேவைச் சான்றிதழ் தருகிறோம் என்கிறார். லீசிங், காப்புறுதி, விற்பனை வேலைகளில் இருக்கும் எத்தனையோ பிள்ளைகள் அந்த மேசையிலேயே கையொப்பம் வைத்துவிடுகிறார்கள். இலங்கையில் இருக்கிற மூன்று வழிகளில் ஆக மோசமானது அதுதான்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். அது இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். டார்கெட் வராதது ஒழுங்கீனம் அல்ல. ஆகவே நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை நிறுவனம் அந்த அனுமதிக்குப் போயே ஆகவேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று பிறகு சொல்லலாம்தான். ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். பணிக்கொடையை, அதாவது பல வருட சேவைக்காக வேலை முடியும்போது தரும் பணத்தை, காட்டி ஆசைப்படுத்துவார்கள். 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, டார்கெட்டுக்காக நிறுத்தினாலும் அது உரியதே.

இரண்டாவது வழி தொழில் திணைக்களம். அனுமதி இல்லாமல் நிறுத்தியிருந்தால் அந்த நிறுத்தமே செல்லாது. திரும்ப வேலைக்கு எடுத்துச் சம்பளத்தையும் கொடுக்கும்படி ஆணையாளர் கட்டளையிடலாம். நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தால்கூட நட்டஈட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது: முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், அதன் பிறகு படிப்படியாகக் குறையும். நிறுவனத்தில் 15 பேராவது இருக்கவேண்டும், நீங்கள் கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்கவேண்டும். இரண்டும் பொருந்தினால் என் தெரிவு இதுதான். முகாமையாளர் பதவியில் இருப்பவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். பலர் அது தெரியாமலே ஒதுங்கிவிடுகிறார்கள்.

சிறிய நிறுவனம் என்றால் மூன்றாவது வழி, வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை. வேலை போன நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். நிறுத்தியதை நிறுவனம் ஒப்புக்கொண்டால், நியாயமான காரணம் இருந்ததென்று முதலில் காட்டவேண்டியது அவர்கள். ஆனால் வழக்கு இழுபடும். தீர்ப்பு வந்தாலும் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு போகலாம்.

ஆணையாளரைத் தவிர்க்க, டார்கெட் விடயத்தையே 'கீழ்ப்படியாமை' என்று எழுதித் தரும் நிறுவனங்களும் உண்டு. அப்படி ஒழுக்காற்று நடவடிக்கை என்றால், காரணத்தை, நிறுத்திய நாளுக்குப் பிறகு இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தந்திருக்கவேண்டும்.  ஆகவே கடிதம் கையில் வந்த திகதியைக் குறித்து வையுங்கள். டார்கெட் கடிதங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள்.

அந்த மேசையில் "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள். அடுத்த நாளும் நேரத்துக்கு வேலைக்குப் போங்கள். போகாமல் இருந்தால், தானாகவே வேலையை விட்டுவிட்டார் என்று எழுதிவிடுவார்கள்.