அகழிப்போர் முட்டுக்கட்டை: நீண்ட பீரங்கித் தாக்குதலா, டாங்கியா?

முதல் உலகப் போரில் மேற்கு முனையை உறைய வைத்தவை முள்கம்பியும் இயந்திரத் துப்பாக்கியும். அதை உடைக்கப் பிரிட்டன் முயன்ற இரு வழிகள் இவை.

எதிர்பாராமை:
சோம் (பிரான்ஸ்), 1916, பீரங்கி வழி: ஏழு நாள், சுமார் 15 லட்சம் குண்டுகள். எதிரிக்கு அதுவே முன்னறிவிப்பு.
காம்ப்ரே (பிரான்ஸ்), 1917, டாங்கி வழி: முன்கூட்டிய குண்டுவீச்சே இல்லை.

முள்கம்பி:
சோம்: சிதறுகுண்டு பல இடங்களில் கம்பியை அறுக்கவில்லை, ஆழமான பதுங்குகுழிகளும் தப்பின. தாக்குதலின் முதல் நாளில் மட்டும் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் மடிந்தார்கள். நெஞ்சு பதறும் கணக்கு.
காம்ப்ரே: டாங்கிகள் கம்பியை நசுக்கி, சுள்ளிக்கட்டுகளைப் போட்டு அகழியைத் தாண்டின.

நிலைப்பு:
காம்ப்ரே: முதல் நாளே 179 டாங்கிகள் செயலிழந்தன. பின்னால் போதிய படை இல்லை. நவம்பர் 30-இல் தொடங்கிய ஜெர்மன் எதிர்த்தாக்குதல் பிரிட்டன் பிடித்த நிலத்தின் பெரும்பகுதியை மீட்டது.

எதிரியின் பீரங்கிகளை அடக்கப் பீரங்கி, அரணைத் துளைக்க டாங்கி. 1918 ஆகஸ்ட் 8-இல் பிரான்சின் ஆமியானில் இரண்டும் விமானத்தோடும் காலாட்படையோடும் சேர்ந்தே இயங்கின.