பேக்ராஃப்ட் ரிவியூ: முதுகுல தூக்கிட்டு போய் மலை ஆத்துல விட்ட படகு

ரோடு, கரண்ட், டாய்லெட் எதுவுமே இல்லாத காட்டு ஆத்தங்கரையில 4 நாள் டெண்ட் போட்டு தங்கி, இந்த காத்தடைக்கிற பேக்ராஃப்ட நல்லா பாடுபடுத்திட்டு வந்து எழுதறேன். எடை 3 கிலோவுக்கும் கம்மி, சுருட்டினா டெண்ட் மூட்டை சைஸ்தான். கடைசி 5 கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை, பிளாஸ்டிக் கயாக்க (ஒல்லியான, நீளமான துடுப்புப் படகு) அங்க தூக்கிட்டு போகவே முடியாது. (இந்த ஐடியா பழசுங்க, 1840கள்லயே பீட்டர் ஹால்கெட்னு ஒரு பிரிட்டிஷ் கடற்படை ஆபீசர், போட்டுக்கற மேலங்கியே ஊதினா படகாகுற மாதிரி செஞ்சிருக்காரு.)

பம்ப் கிடையாது. லேசான பை ஒண்ணு தராங்க, அதுல காத்த அள்ளி, பையோட வாயச் சுருட்டி வால்வு வழியா அமுக்கணும், 10, 15 தடவையில நிறைஞ்சிடும், மிச்சத்த வாயால ஊதி டைட் பண்ணிக்கலாம்.

முத நாள் நல்ல வெயில்ல கல்லு மாதிரி ஊதிட்டு எறங்கினேன், 10 நிமிஷத்துல டியூப் மெத்துனு ஆயி, துடுப்பு போடப் போட படகு நடுவுல மடியுது. ஓட்டை விழுந்துடுச்சுன்னு பயந்து கரை ஒதுங்கி ஒவ்வொரு ஓரமா தண்ணில அமுக்கி பாத்தா ஒரு குமிழி கூட வரல. அப்பதான் புரிஞ்சுது, தண்ணி சில்லுனு இருக்கறதால உள்ள இருக்கற காத்து சுருங்குது. அதனால ஊதினதும் 5 நிமிஷம் தண்ணில மிதக்க விட்டு, திரும்ப ஒருதடவ ஊதிட்டு கெளம்புங்க. கரையேத்தினா இதுக்கு நேர்மாறு, கொஞ்சம் காத்த எறக்கி விடணும், இல்லன்னா வெயில்ல உப்பி ஒட்டு பிரிஞ்சுடும். கூட வந்த பேப்பர்ல இத ஒரு வரியாவது போட்டிருக்கணும்.

மீன் பிடிக்க எப்படின்னா, லேசான படகு, அடி தட்டை, காத்தடிச்சா பரிசல் மாதிரி சுத்த ஆரம்பிச்சுடும். பின்னாடி அடியில மாட்டற ஃபின்ன (படகு சுத்தாம நேரா போக வெக்கற தகடு) தனியா வித்தாலும் வாங்கிடுங்க. ஓடற தண்ணில நங்கூரம் மட்டும் போடவே போடாதீங்க, கயிறு இழுத்து படகையே முக்கிடும். நான் பெரிய பாறைக்குப் பின்னாடி தண்ணி திரும்பி வர்ற எடமா பாத்து ஒதுங்கிக்குவேன், படகு அங்க தானா நிக்கும், வேகத் தண்ணியும் மெதுத் தண்ணியும் உரசற கோட்டுலதான் மீனும் இரைக்கு காத்துட்டு நிக்கும், கையெட்டற தூரத்துல தூண்டில் போடலாம், இதுக்காகவே இந்த படகு எனக்கு ரொம்ப புடிச்சுப்போச்சு. தூண்டில் முள்ளு நுனிகிட்ட பின்பக்கமா நீட்டிட்டிருக்கற குட்டி முள்ள பிளையரால நசுக்கிட்டேன், டியூப்ல குத்தினாலும் பெருசா கிழிக்காம வந்துடும், மீனையும் அதிகம் காயப்படுத்தாம விட்டுடலாம்.

அடித்துணி மெல்லிசு, கூழாங்கல்லு மேல இழுக்காம தூக்கிட்டு போங்க. லைஃப் ஜாக்கெட் இதோட வராது, ஆனா அது இல்லாம ஏறாதீங்க, அந்தக் குளிர் தண்ணில விழுந்தா நல்லா நீந்தறவங்களுக்கே மொத நிமிஷம் மூச்சு அடைக்கும்.

முன்பக்கம் கயிறு கட்டற வளையத்துக்கு தனியா மார்க் போடணும். டெண்ட்ட ஆத்துல இருந்து 60 மீட்டர் தள்ளி மேட்டுல போட்டிருந்தோம், படக மட்டும் மணல் திட்டுல கவுத்து வெச்சு மரத்துல கட்டினேன். ராத்திரி மேல எங்கயோ மழை, எங்க மேல ஒரு சொட்டு விழல. காலைல எந்திரிச்சு பாத்தா திட்டையே காணோம், கலங்கல் தண்ணி வேகமா ஓடுது, படகு அந்த ஒரு வளையத்த புடிச்சுக்கிட்டு ஆடிட்டு கெடக்கு, ஒட்டின எடத்துல ஒரு நூல் கூட விட்டுக்குடுக்கல.