மினுக்குதா, நின்னு எரியுதா?

போன வாரம் மச்சான் கிருஷ்ணகிரியிலிருந்து போன் பண்ணினான். "மாமா, மீட்டர்ல கார் வழுக்கிட்டுப் போற மாதிரி மஞ்ச லைட்டு. ஓட்டலாமா?"

"மினுக்குதா, நின்னு எரியுதா?"

"எரியுது மாமா. அதான் சொல்றேனே, எரியுது."

அஞ்சு வருஷம், 68 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டின பிறகும் எனக்கு என் கார் மேல இருக்கிற ஒரே கோபம் இந்த லைட்டுதான். மினுக்கினா ஈஎஸ்சி, அதாவது வண்டி வழுக்காம பிடிச்சு நிறுத்துற அமைப்பு, வேலை செய்யுதுன்னு அர்த்தம். நின்னு எரிஞ்சா வேலை செய்யலைன்னு அர்த்தம். ரெண்டுக்கும் ஒரே படம்! இதை யோசிச்சவனை ஒரு நாள் தொப்பூர் கணவாயில வண்டி ஓட்ட விடணும்.

மினுக்கினதை நான் பார்த்தது அங்கேதான். தருமபுரியிலிருந்து சேலம் போற இறக்கம், இரட்டைப் பாலத்துக்கு முன்னாடி, நல்ல மழை. முன்னாடி போன லாரி திடீர்னு பிரேக் போட, நான் ஸ்டியரிங்கை ஒடிச்சேன். பின்பக்கம் ஒரு நொடி நழுவுச்சு. லைட்டு நாலைஞ்சு தடவை மினுக்குச்சு, அடியில கர்ர்னு ஒரு சத்தம், வண்டி தானா நேராயிடுச்சு. ஸ்டியரிங் ஒரு பக்கம் கேக்க, வண்டி வேற பக்கம் திரும்பினா, அந்தந்தச் சக்கரத்துக்கு மட்டும் தனியா பிரேக் கொடுத்து இழுத்துப் பிடிக்கும். அன்னிக்கு அந்த ஈஎஸ்சி பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆறு மாசம் கழிச்சு அதே லைட்டு நின்னு எரிய ஆரம்பிச்சுது. கூடவே, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற ஏபிஎஸ்ஸோட லைட்டும். சாதாரண பிரேக் பிடிச்சுது. ஆனா மேட்டுல நிறுத்தி எடுத்தா வண்டி பின்னாடி உருளுது. ஹில் ஹோல்டும் அதோடவே போச்சு. சர்வீஸ் சென்டர்ல, "மாட்யூல் மாத்தணும் சார், 38 ஆயிரம்." மாட்யூல்னா அந்தப் பெட்டிதான். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கலை.

பென்னாகரம் ரோட்டுல ஒரு எலக்ட்ரீஷியன் ஸ்கேனரை மாட்டி, பக்கத்துல உக்காந்துட்டு, "மெதுவா ஓட்டுண்ணா"ன்னார். ஸ்கேனர்ல மூணு சக்கரத்தோட வேகம் 22னு காட்டுச்சு, பின் இடதுபக்கம் 0. சக்கரத்தைக் கழட்டி, வேகத்தை அளக்கிற சென்சார் ஒயரோட கனெக்டரைப் பிரிச்சார். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. எங்க கொல்லைச் சேறு. புது கனெக்டர், கூலி சேர்த்து 650 ரூபாய்.

அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்லை. என் உயிரைக் காப்பாத்தின வண்டி. ஆனாலும் யாராவது வாங்கலாமான்னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்வேன். அந்த 38 ஆயிரம் இன்னும் காதுல கேக்குது.

மச்சான் போட்டோ அனுப்பினான். படத்துக்கு அடியில "ஆஃப்"னு இருக்கு. முன்சீட்டுல அவன் பையன். எந்த பட்டனையும் விட்டுவைக்க மாட்டான், ஈஎஸ்சியை அணைக்கிற பட்டனை அமுக்கியிருக்கான். "எஞ்சினை அணைச்சு மறுபடி போடு"ன்னேன். லைட்டு போயிடுச்சாம். மூணாவது அர்த்தம் வேற இருக்கு பாருங்க, அதே படத்துக்கு.