சாரடோகாவில் மாரிஸ்ஸியின் தடத்தில் ஒரு நடை

நியூயார்க் மாநிலத்தின் சாரடோகா ஸ்பிரிங்ஸில் வழிகாட்டியோடு சுற்றிப்பார்க்கும் நடை ஒன்றில் சேர்ந்தேன். சூதாட்டக் கதை கேட்கத்தான் போனேன். கிடைத்தது ஜான் மாரிஸ்ஸி.

1831இல் அயர்லாந்தின் டெம்பிள்மோரில் பிறந்து, குழந்தையாக நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகருக்கு வந்தவர். கையுறை இல்லாத குத்துச்சண்டையில் சாம்பியன். 1863இல் இங்கே குதிரைப் பந்தயத்தைத் தொடங்கினார். காங்கிரஸ் பூங்காவில் நிற்கும் செங்கல் கட்டடம், அவர் கட்டிய சூதாட்ட விடுதி. அங்கே உள்ளூர்க்காரர்களும் பெண்களும் சூதாடக்கூடாது என்பது அன்றைய விதி. ஊரின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி உண்டா? வெளியூர்க்காரன் தோற்றால் எந்த உள்ளூர்க் குடும்பம் புலம்பப்போகிறது!

வழிகாட்டி இந்த இடத்தை ரசித்துச் சொன்னார். ஆனால் அரசியல் பக்கம் வந்ததும் ஓட்டமாய் ஓடினார். நியூயார்க் நகர ஜனநாயகக் கட்சியை ஆட்டிப்படைத்த டம்மனி ஹால் என்ற அரசியல் அமைப்பின் ஆதரவில் மாரிஸ்ஸி 1867 முதல் 1871 வரை அமெரிக்கக் காங்கிரஸில் இருந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்புறம் அதே டம்மனியின் தலைவர் ஜான் கெல்லியோடு முறைத்துக்கொண்டு, அவர்களையே எதிர்த்து நின்று 1875இல் மாநில செனட்டை வென்றாரே, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்டபோதுதான் சொன்னார், அதுவும் நன்றாகவே சொன்னார். மனிதருக்கு விஷயம் தெரியும்; கூட்டத்துக்கு அலுக்கும் என்று நினைக்கிறார் போல.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். போகிறவர்கள் டம்மனி பற்றிக் கேள்வி கேளுங்கள், கேட்டால் கொட்டுகிறார்.