டேனரி உப்புத் தண்ணீரில் கரண்ட்: எந்தச் சவ்வு கைகொடுக்கும்?

ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, உப்புதான் தீராத் தலைவலி. தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு, ஊறவைத்த தண்ணீரோடு வெளியே வருகிறது. ஆர்.ஓ.வில் வடித்த பிறகு மிஞ்சும் அடர்ந்த உப்புக் கழிவுநீரை (ரிஜெக்ட்) எவாப்பரேட்டரில் காய்ச்சியே ஆகவேண்டும். செலவு கழுத்தை நெரிக்கும்போது, ‘இந்த உப்பிலேயே கரண்ட் எடுத்தால் என்ன?’ என்று தோன்றுவது இயல்புதான்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீரை மட்டும் விட்டு உப்பை மறிக்கும் சவ்வு. நல்ல தண்ணீர் உப்பு பக்கம் இழுபட்டு அழுத்தம் ஏறும். அது டர்பைனைச் சுழற்றும். நார்வேயின் மின் நிறுவனமான ஸ்டாட்கிராஃப்ட் 2009-ல் டோஃப்டேயில் இப்படி ஒரு சோதனை ஆலையைத் திறந்தது. சவ்வின் ஒரு சதுர மீட்டருக்கு 5 வாட் எதிர்பார்த்தார்கள்; தொடக்கத்தில் கிடைத்தது 1 வாட்டை ஒட்டித்தான். 2013-ல் கைவிட்டார்கள்.

மற்றது அயனிப் பரிமாற்றச் சவ்வு. ஒன்று நேர் அயனியை விடும், அடுத்தது எதிர் அயனியை. மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்பு நீரும் நல்ல நீரும் ஓடவிட்டால் நேரடியாக மின்சாரம். டர்பைன் வேண்டாம், பெரிய அழுத்தமும் வேண்டாம். கடல் நீருக்கும் ஆற்று நீருக்கும் இடையே ஒரு சவ்வு ஜோடிக்கு ஏறத்தாழ 0.15 வோல்ட், அதனால் நூற்றுக்கணக்கில் அடுக்க வேண்டும். நெதர்லாந்தில் 2014-ல் ஒரு கடலணை மேல் இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

ரிஜெக்ட் போன்ற அடர்ந்த உப்பு என்றால் முதல் வழிதான் காகிதத்தில் ஜெயிக்கும். அடர்த்தி கூடக்கூட, ஒரு வகை அயனியை மட்டும் விடும் திறனை அயனிச் சவ்வு இழக்கும். கால்சியம், மக்னீசியம், சல்பேட் சேர்ந்தால் வோல்ட்டும் சரியும். தாவரப் பட்டையில் பதனிடும் இடமென்றால், பட்டையின் துவர்ப்புப் பொருளான டானின் எதிர் அயனிச் சவ்வில் அப்பிக்கொள்ளும்.

ஆனால் இரண்டுக்கும் ஒரே பெரிய ஓட்டை: நல்ல தண்ணீரைக் கலக்க வேண்டும். கழிமுகத்தில் கவலையில்லை, அங்கே அது எப்படியும் கடலில்தான் கலக்கிறது. பாலாற்றங்கரையில் கலந்த தண்ணீரை எங்கே விடுவது? சுற்றி வந்து எவாப்பரேட்டருக்கே போகும். கிடைத்த கரண்டைவிடக் காய்ச்சும் செலவு அதிகம்.

அதனால் என் ஓட்டு அயனிச் சவ்வுக்குத்தான், ஆனால் தலைகீழாக. கரண்ட் எடுக்காமல் கரண்ட் கொடுத்தால் அதே அடுக்கு உப்பை ஒரு பக்கம் ஒதுக்கும். காய்ச்ச வேண்டிய தண்ணீரின் அளவு குறையும். ஜப்பானில் 1970-களிலிருந்து கடல் நீரை இப்படி அடர்த்தியாக்கித்தான் சமையல் உப்பு காய்ச்சுகிறார்கள். இத்தகைய சவ்வுகளை குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு ஆய்வுக்கூடமே உருவாக்கியிருக்கிறது. வாங்குமுன் ரிஜெக்டில் கால்சியமும் டானினும் எவ்வளவு என்று லேபில் பார்த்துவிடுங்கள்.