டீசல் பிக்அப்: எட்டு மாத மைலேஜ் கணக்கு

குழாய்களும் கருவிப் பெட்டிகளும் ஏற்றிச் செல்வதற்காக டபுள் கேபின் (இரண்டு வரிசை இருக்கை கொண்ட) டீசல் பிக்அப் ஒன்றை வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. வாங்குமுன் நான் முதலில் பார்த்தது மைலேஜை அன்று, அன்றாடம் ஏற்றும் எடையை. தேவைக்கு மேல் பெரிய வண்டியை எடுத்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த வீண் எடைக்கும் சேர்த்தே டீசல் எரியும். நான்கு சக்கர இயக்கத்தைத் தவிர்த்ததும் அதனால்தான். விற்பனையகத்தில் சுமையேற்றி ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். காலி வண்டியை ஓட்டிப் பார்த்து பிக்அப் வாங்குவது ஊசியைக் கோத்துப் பார்க்காமல் நூல் வாங்குவதைப் போன்றது.

இழுவையும் பிரேக்கும் குறை சொல்ல முடியாதவை. பின் இருக்கையின் சாய்மானம் மட்டும் சுவரைப் போல நிமிர்ந்து நிற்கிறது.

மைலேஜ் விஷயத்தில் வண்டியின் திரை என்னிடம் சற்றுத் தாராளமாகவே பேசியது. திரை லிட்டருக்கு 13.4 கிலோமீட்டர் காட்டிய நாளில், என் குறிப்பேட்டுக் கணக்கு 12.3 என்றது. ஒரே பம்பில், நாசில் முதல் முறை 'டக்' என்று நின்றதும் நிறுத்தி, மேற்கொண்டு சொட்டு விடாமல் டேங்க்கை நிரப்பி, அடுத்த நிரப்பல் வரை ஓடிய தூரத்தை அப்போது பிடித்த லிட்டரால் வகுப்பதே நான் கடைப்பிடிக்கும் முறை. ஒரு நிரப்பலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. சராசரி எடுப்பதில் பலரும் தவறுகிறார்கள்: 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டரும், அடுத்த 300 கிலோமீட்டருக்கு 30 லிட்டரும் ஆனால், 15ஐயும் 10ஐயும் கூட்டிப் பாதியாக்கி 12.5 என்பார்கள், 600 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் என்பதால் சரியான விடை 12தான்.

ஒருமுறை காரணமே தெரியாமல் மைலேஜ் சரிந்தது. அந்த வாரம் இன்ஜினை அணைத்த பின்னும் விசிறி ஓடிக்கொண்டிருந்ததும், கருகல் வாடை வந்ததும் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன: புகைக்குழாயில் உள்ள வடிகட்டி தன்னில் படிந்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, கூடுதல் டீசலைச் செலவழித்திருக்கிறது. குறுகிய ஓட்டங்களே அதிகமாக இருந்தால் இது அடிக்கடி நேரும்.

வேகத்தின் பங்கு இன்னும் பெரிது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. பிக்அப்பின் நிமிர்ந்த முகத்துக்கு அது லேசான சுமையன்று. சரக்குத் தொட்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் டீசல் மிச்சமாகும் என்ற அறிவுரையை நம்ப வேண்டியதில்லை, ஏனெனில் பின்கதவு மூடிய அந்தத் தொட்டிக்குள் சுழலும் காற்றின்மேல் மற்றக் காற்று வழுக்கிச் சென்றுவிடும்.

அண்மையில் 265/65 ஆர்17 டயர்களைக் கழற்றி 265/70 அளவில் (அகலம் அதே 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் மட்டும் அதில் 65 சதவீதத்துக்குப் பதில் 70) மாட்டியதும் மைலேஜ் மேலும் குறைந்தது போலத் தெரிந்தது. புதிய டயரின் சுற்றளவு ஏறத்தாழ 3.4 சதவீதம் கூடுதல் என்பதால் ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103.4 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அதனால் குறிப்பேட்டில் இப்போது தூரத்தை 1.034ஆல் பெருக்கிய பிறகே லிட்டரால் வகுக்கிறேன்.