டாம்கேட் மாதிரி விமானம் கட்டப் போகிறீர்களா? தமியாவா, ஹசேகவாவா?

அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் போர் விமானத்தை 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) கட்டினால் கிட்டத்தட்ட 40 செ.மீ. நீளம் வரும். அலமாரியில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!

தமியா, ஹசேகவா இரண்டும் ஜப்பானிய மாதிரி நிறுவனங்கள். ஹசேகவா கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் கொண்ட பெட்டி) 1980-களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) இன்றும் கண்ணுக்கு அழகு. ஆனால் உடலின் முன்பகுதியும் காற்று உள்வாங்கும் குழாய்களும் சேரும் இடத்தில் இடைவெளி அடைக்கும் புட்டி, தேய்க்கும் உப்புத்தாள் என்று பல மாலைகள் போய்விடும். தமியா 2016-இல் எஃப்-14ஏ-வை வெளியிட்டது. அதே இடங்கள் இதில் அலட்டிக்கொள்ளாமல் பொருந்துகின்றன. விலை கூடுதல்தான். இருந்தாலும் முதல் டாம்கேட் என்றால் நான் தமியா பக்கம். பழைய கிட் மலிவாகக் கிடைத்து, இழைப்பதும் பிடிக்கும் என்றால், சரி, ஹசேகவா.

அப்புறம், பார்த்துச் செய்வதற்கான நிஜ விமானப் படங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் டாம்கேட் 2006 வரை பறந்தது. அதற்குள் பல மாற்றங்கள். ஏ வகையில் டிஎஃப்30 இன்ஜின், டி வகையில் எஃப்110; வால்முனைக் குழாய்களின் வடிவமே வேறு. மூக்கின் இடப்புறம் பீரங்கிப் புகை வெளியேறும் துளைகளும் காலத்துக்குக் காலம் மாறின. அருங்காட்சியக விமானத்தைப் பார்த்துக் காக்பிட், சக்கர அறைகளைச் செய்யலாம். வண்ணத்துக்கு அதை நம்பாதீர்கள், பிற்பாடு பூசியதாக இருக்கலாம். 1981-இல் சித்ரா வளைகுடாவில் லிபிய விமானங்களை வீழ்த்திய விஎஃப்-41 படையின் விமானம் வேண்டுமென்றால், அந்த ஆண்டுப் படத்தையே தேடுங்கள்.